மலைக்குள் போன தேசிக்காய்

மே 4, ஞாயிறு

நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் வந்து மிதக்குமா? இன்று ஒரு குகை வாசலில் வைத்து என்னிடம் கேட்கப்பட்டது. ஓர் எலுமிச்சை அவ்வளவு தூரம் நிலத்துக்கடியால் வராது என்று சொன்னேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

பேராதனையில் புவியியல் படித்த கடைசி வருடம் இதைத்தான் ஆராய நினைத்தேன். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, எங்கே வெளிவருகிறது. நிலாவரையில் நின்று தண்ணீர் எடுக்க முடிந்தது. கீரிமலை அப்போது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. அங்கே போய் நிற்க விடவில்லை. ஒரு முனையில் மட்டும் நின்று பார்த்தவள் மற்ற முனையைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது. தலைப்பை மாற்றிக்கொண்டேன். இப்போது சுவிஸின் பீல் நகரத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் மற்றவர்கள் போத்தலில் கொண்டுவரும் தண்ணீரைச் சோதிக்கிறேன்.

கேட்டவர் தவநேசன் அண்ணை. லிப்ற் திருத்தும் வேலை. புத்தூர்க்காரர், நிலாவரைக்குப் பக்கம். பீல் தமிழர்களின் ஞாயிறு நடைக் குழுவில் நான் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சீனி வருத்தக்காரர்கள், அதாவது நீரிழிவுள்ளவர்கள், நடக்கவேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லித் தொடங்கிய குழு. குழுவின் தலைவி புஷ்பம் அக்கா, தமிழ்க் கடை வைத்திருப்பவர். அவர் ஒரு பெட்டி நிறையப் பொரித்த றோல்ஸ் கொண்டுவருவார். ஆகவே யாருக்கும் சீனி குறைந்ததாகத் தெரியவில்லை.

யூரா மலையின் பீச் மரக் காட்டுக்குள் நடந்தோம். நிலமெல்லாம் காட்டுப் பூண்டு மணம். குகை வாசலிலிருந்து குளிர்ந்த காற்று காலில் பட்டது. மற்றவர்கள் வாசலிலேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார்கள். அவரும் நானும் மட்டும் உள்ளே போனோம்.

"என்ர மாமா கண்ணாலை கண்டவர்" என்றார். "தேசிக்காயிலை ஆணியாலை பேர் எழுதி நிலாவரைக்குள்ளை போட்டவை. அது கீரிமலையிலை வந்து நிண்டது."

"மாமா எந்தப் பக்கம் நிண்டவர், அண்ணை?"

"நிலாவரையிலை."

"அப்ப கீரிமலையிலை கண்டது ஆர்?"

யோசித்தார். "மாமான்ர சிநேகிதர்."

"அவரின்ர பேர்?"

"நீங்கள் என்ன, பொலிசிலையோ வேலை செய்யிறியள்?"

இனி என்னை விஞ்ஞானியம்மா என்றுதான் கூப்பிடுவாராம். நான் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்தால் இன்னும் கூடும்.

மே 10, சனி

சலவை அறையில் இன்று என் முறை. எனக்கு முன் தோய்த்தவர் இயந்திரத்தின் வடிகட்டியைத் துப்புரவு செய்யவில்லை. மலைக்கான சப்பாத்து வாங்கினேன். பழையது போதும்தான். அடி தேய்ந்திருந்தது.

மே 11, ஞாயிறு

மழை. நடை இல்லை.

மே 18, ஞாயிறு

காட்டுக்குள் ஒரு மாதா கெபி. இயற்கையான குகைதான். எப்போதோ யாரோ மாதா சொரூபத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பாறைச் சுவரில் நன்றி என்று பிரெஞ்சில் பொறித்த சிறு கற்பலகைகள். எதற்காக நன்றி என்று யாரும் எழுதவில்லை.

புஷ்பம் அக்கா திருநீற்றுப் பூச்சோடு மெழுகுதிரி கொளுத்தி, தனக்குத் தெரிந்த எல்லாருக்காகவும் பேர் பேராக வேண்டிக்கொண்டார். என் பேரும் கேட்டது. தவநேசன் அண்ணையும் ஒன்று கொளுத்தினார்.

"என்ன வேண்டினீங்கள், அண்ணை?"

"சொன்னால் பலிக்காது."

"ஆதாரம் இல்லாட்டியும் விதிமுறை எல்லாம் சரியா வைச்சிருக்கிறியள்."

"நீங்கள் ஒண்டும் வேண்டேல்லையோ?"

"எனக்கு ஒண்டும் தேவையில்லை."

என்னைப் பார்த்தார். பிறகு மெழுகுதிரியைப் பார்த்தார். "குடுத்து வைச்ச ஆள்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் புஷ்பம் அக்கா என் பக்கத்தில் இருந்தார். தவநேசன் அண்ணையின் மனைவி சறோ இறந்து வருடங்கள் ஆகிவிட்டனவாம். ஒரே மகள் துவாரகா கனடாவில். "மனுசன் வாயாலை சிரிச்சுக்கொண்டு திரியுது. வீட்டிலை போய்ப் பார்த்தால் ஒரு கோப்பை, ஒரு கரண்டி" என்றார். பிறகு என் திருமணத்தைப் பற்றிக் கேட்டார். ஒருமுறை ஆனது, முடிந்தது என்றேன். அதற்கு மேல் எழுதவும் எதுவும் இல்லை.

எனக்கு ஒன்றும் தேவையில்லை என்பது உண்மையான பதில்தான்.

மே 25, ஞாயிறு

கோயில் திருவிழா. மற்றவர்கள் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். ஆகவே நடைக்கு இரண்டு பேர் மட்டும். இது திட்டமிட்டதல்ல. திருவிழாத் திகதி எனக்கு முன்பே தெரியும்தான்.

இன்றைய குகையில் ஓரிடத்தில் வயிற்றால் ஊர்ந்து போகவேண்டும். தாண்டினால் ஒரு மண்டபம் இருப்பதாக வழிகாட்டிப் பலகை சொன்னது. நான் முதலில் போனேன். சுண்ணாம்புக் கல் எப்படிக் கரைகிறது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். அந்தக் கல் முதுகில் முட்டியபோது எழுதியது எதுவும் உதவவில்லை. ஒரு வழியாக அந்தப் பக்கம் எழுந்தேன். பின்னால் வந்தவர் வரவில்லை.

"என்ன?" என்றேன்.

"இறுகிப் போனன்."

"எது இறுகினது?"

"வயிறுதான். வேறை என்னட்டை என்ன கிடக்கு இறுகிறதுக்கு? புஷ்பம் அக்கான்ர றோல்ஸிலை வழக்குப் போடவேணும்."

"சிரிக்காதேங்கோ. சிரிச்சால் இன்னும் இறுகும். மூச்சை விடுங்கோ. முழுக்க விடுங்கோ."

கையை நீட்டினார். பிடித்து இழுத்தேன். சேறும் சிராய்ப்புமாக வந்து சேர்ந்தார். மண்டபம் பெரிதில்லை. கூரையிலிருந்து ஒரே இடத்தில் தண்ணீர் சொட்டிக் கல்லில் கிண்ணம் போலக் குழி விழுந்திருந்தது. விளக்குகளை அணைத்துப் பார்ப்போமா என்று கேட்டார். அணைத்தோம்.

அப்படி ஓர் இருட்டை நான் கண்டதில்லை. கண்டதில்லை என்பது சரியான சொல்தான். அதற்கு முன் அவருடைய கையை விட்டுவிட்டேனா என்று நினைவில்லை. விட்டிருப்பேன்.

"இந்தத் தண்ணி இஞ்சையிருந்து எங்கை போகுது?" குரல் மிகப் பக்கத்தில் கேட்டது.

"தெரியாது."

"அட. தெரியாது எண்டும் சொல்லத் தெரியுமோ உங்களுக்கு?"

எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை. சொட்டுச் சத்தம் மட்டும். வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. அவருடைய நெற்றியில் சேறு. சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை. பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள்.

இன்று சீனி அளக்க மறந்துவிட்டேன்.

மே 29, வியாழன்

விடுமுறை நாள். குழு நடை இல்லை. காலையில் தவநேசன் தொலைபேசியில் அழைத்து, மலைமேல் தண்ணீர் உள்ளே போகும் குழி ஒன்று இருக்கிறதாம், விஞ்ஞானியம்மா வந்து பார்த்து ஒப்பம் வைக்கவேண்டும் என்றார்.

மேய்ச்சல் நிலத்தின் நடுவில் புனல் போல ஒரு பள்ளம். மாடுகள் விழாமல் வேலி. மணிச் சத்தம் எல்லாப் பக்கமும். ஒரு சிறு ஓடை புல்லுக்குள்ளால் வந்து, பள்ளத்தில் இறங்கி, ஒரு கல் இடுக்குக்குள் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அது மலைக்குள் இருக்கிறது. கீழே பள்ளத்தாக்கில், கிராமத்துக்குப் பின்னால், பாறையடியில் ஓர் ஊற்று வெளிவருகிறது. அதுதான் இது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

வேலியில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "யூலை முதலாம் திகதி கனடாவுக்குப் போறன். துவாரகாவுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது."

"எப்ப திரும்பி வாறியள்?"

"ஒரேயடியாப் போறன். அவள் கன நாளாக் கேக்கிறாள். வேலைக்கும் எழுதிக் குடுத்திட்டன். இஞ்சை ஆருக்கு நான் காவல்?"

"நல்லது" என்றேன்.

ஒரு மாடு வந்து வேலிக்கு மேலால் எங்களைப் பார்த்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்தார். புஷ்பம் அக்கா கடைத் தேசிக்காய்; சிறியது, பாதி மஞ்சளாகப் பழுத்தது.

"போட்டுப் பாப்பம்."

"கீழை சனம் குடிக்கிற தண்ணி. போடக்கூடாது."

"உங்கட ஆக்கள் தண்ணி போற வழி பாக்கப் பச்சைச் சாயம் கலக்கிறவை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அது ஆராய்ச்சி."

"இதுவும் பச்சைதானே. அரைவாசியாவது."

தேசிக்காய் மிதக்கும் என்று விளக்கினேன். மலைக்குள் வழி ஒரே மட்டத்தில் போகாது. சில இடங்களில் கூரை வரைக்கும் தண்ணீர் நிரம்பிக் கீழே இறங்கி மறுபடி ஏறும். சாயம் கரைந்து போய்விடும். மிதக்கிற பொருள் அந்த இடத்தில் கூரையில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். கீழே இறங்கத் தெரியாததால் வெளியே வரமுடியாது.

"பாவம்" என்றார். பிறகு, "வந்தால்?"

"வராது."

"வந்தால் நான் போகேல்லை. ரிக்கெற்றைக் கிழிச்சுப் போடுறன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வேலிக்குக் கீழால் எட்டி அதை ஓடையில் விட்டார். அது ஒருமுறை சுழன்று, கல்லில் தட்டி, உள்ளே போனது.

"வரவேணும் எண்டு நினைக்கிறியளோ, வரக்கூடாது எண்டு நினைக்கிறியளோ?" என்று கேட்டார்.

"நான் நினைக்கிறதுக்கும் தண்ணி ஓடுறதுக்கும் தொடர்பில்லை."

அவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். அது ஏற்கெனவே கட்டியிருந்தது.

ஜூன் 1, ஞாயிறு

ஊற்றைப் பார்க்கப் போனோம். பாறையடியில் தெளிந்த பச்சைக் குளம், கரையில் பாசி. ஒன்றுமில்லை. "இப்பதான் வெளிக்கிட்டிருக்கும்" என்றார். தண்ணீரின் வேகத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

ஜூன் 4, புதன்

வேலை முடிந்து பஸ் எடுத்து ஊற்றுக்குப் போனேன். சோதனைக்குத் தண்ணீர் எடுப்பதற்காக. போத்தல் கொண்டுபோக மறந்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

குழு நடை. தவநேசன் வரவில்லை, கனடாப் பயண அலுவல்.

புஷ்பம் அக்கா என்னோடு சேர்ந்து நடந்தார். "தவநேசன் போறது உனக்கு எப்பிடியாம்?" என்று கேட்டார்.

"தவநேசன் போறது நல்லதுதானே. மகளோடை இருக்கலாம்."

"முந்தி அண்ணை எண்டு சொல்லுவாய்."

"என்ன?"

"வந்த புதிசிலை ஒவ்வொரு சொல்லுக்கும் அண்ணை, அண்ணை எண்டாய். இப்ப பேர் மட்டும்தான் வருகுது. நான் சும்மா சொல்லுறன் பிள்ளை. கடைக்காரிக்குக் காது நீளம்."

மூச்சு வாங்குவதால் பேச முடியவில்லை என்று சொல்லி முன்னால் நடந்தேன். மேட்டுப் பகுதி எதுவும் அங்கே இல்லை. மாலையில் அக்கா தொலைபேசியில் அழைத்தார். எடுக்கவில்லை. என்ன சொன்னாலும் அது நாளைக்குக் கடை முழுவதும் இருக்கும்.

இந்தக் குறிப்புகளைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி.

ஜூன் 13, வெள்ளி

நாளை புயல் மழை என்று வானிலை அறிக்கை. பயிர்களுக்கு நல்லது. என்னிடம் பயிர் இல்லை, பல்கனியில் கறிவேப்பிலை மட்டும். வெள்ளம் வந்தால் மலைக்குள் அடைந்து கிடப்பவை சில சமயம் தள்ளப்பட்டு வெளிவரும். இது பொதுவான தகவல்.

ஜூன் 15, ஞாயிறு

தனியாகப் போனேன். ஊற்று கலங்கிப் பழுப்பாகப் பொங்கிக்கொண்டிருந்தது. மழைச் சட்டைக்குள்ளும் நனைந்தேன். குளத்தின் அந்தப் பக்கம், கிளைகளுக்கு நடுவே, ஒரு மஞ்சள் நிறம்.

ஓடினேன். இந்த வயதில் ஈரப் பாறையில் ஓடக்கூடாது.

மாட்டின் காதில் போடும் மஞ்சள் பிளாஸ்டிக் அட்டை. மேலே மேய்ச்சல் நிலத்திலிருந்து மலைக்குள்ளால் வந்திருக்கலாம். வேறு எங்கிருந்தாவது வந்திருக்கலாம். முழங்கையில் சிராய்ப்பு. அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், ஏன் என்று தெரியவில்லை. அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 21, சனி

தவநேசன் வீட்டைக் காலி செய்கிறார். குழுவில் எல்லாரையும் கூப்பிட்டு, வேண்டிய சாமானை எடுக்கச் சொன்னார். சுவரில் சறோவின் படம் மட்டும் கடைசி வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பிறெஷர் குக்கரைக் காட்டினார். என்னிடம் இருக்கிறது என்றேன். மின்விசிறி? இருக்கிறது. மடக்குக் கதிரை? இருக்கிறது.

"விஞ்ஞானியம்மாவிட்டை எல்லாம் இருக்கு" என்று மற்றவர்களிடம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

ஏதாவது ஒன்றை வாங்கியிருக்கலாம்.

ஜூன் 28, சனி

நாளை கடைசி நடை. இருவர் மட்டும். ஊற்றடியில் சாப்பிடுவோம் என்று அவர்தான் சொன்னார். "முடிவு பாக்காமல் ஆராய்ச்சியை விடக்கூடாதெல்லே."

இன்று ரயில் நிலையத்து சுப்பர்மார்க்கெட்டில் ஒரு தேசிக்காய் வாங்கினேன். புஷ்பம் அக்காவின் கடை பக்கத்தில்தான். ஆனால் ஒரேயொரு தேசிக்காய் வாங்கினால், ஒன்று எதற்கு என்று கேட்பார். எனக்குப் பொய் சொல்ல வராது.

வீட்டுக்கு வந்து, அதன் தோலில் ஒட்டியிருந்த சிட்டையை உரித்தேன். பசையைச் சுடுதண்ணீரில் சுரண்டினேன். தோல் மெழுகுபோல மினுங்கியது. மணலில் உருட்டித் தேய்த்தேன். ஒரு மாதம் தண்ணீரில் கிடந்ததுபோல இருக்கவேண்டும் என்று உப்பு நீரில் ஊறவைத்து, ஒரு பக்கத்தைக் கல்லில் இடித்து நசுக்கினேன். ஆய்வுகூடத்தில் இத்தனை வருடத்தில் ஒரு முடிவைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. பக்கத்து மேசைக்காரி ஒருமுறை மாற்றியபோது அவளோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தேன்.

சமையலறை மேசையில் வைத்துப் பார்த்தேன். நம்பும்படியாகத்தான் இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

முதல் பஸ்ஸில் போய் அதை ஊற்றில் விட்டேன். கிளைகளுக்கு நடுவே, காது அட்டை கிடந்த அதே இடத்தில். பிறகு பஸ் தரிப்பிடத்துக்குத் திரும்பி வந்து, அடுத்த பஸ்ஸில் வந்த அவரை அங்கேயே எதிர்கொண்டேன்.

"கெதியா வந்திட்டியள்" என்றார்.

"நித்திரை வரேல்லை." இது பொய்யில்லை.

ஊற்றடிக்கு வந்ததும் நான் வேறு பக்கம் பார்த்தேன். பாறைப் படிவுகளை. அவர் குளத்தைச் சுற்றி மெதுவாக நடந்தார். நின்றார். குனிந்தார். தண்ணீரில் கைவிடும் சத்தம் கேட்டது.

"சுண்ணாம்பு நல்லா இருக்கோ?" என்று என்னிடம் கேட்டார்.

"என்ன?"

"கல்லை அப்பிடி உத்துப் பாக்கிறியள்."

திரும்பினேன். அவர் கையில் தேசிக்காய். ஆச்சரியப்படவேண்டிய முகத்தை முந்திய நாள் கண்ணாடியில் பார்த்துப் பழகியிருந்தேன். அந்த முகம் வரவில்லை. அவரும் ஆச்சரியப்படவில்லை. அதை முகர்ந்து பார்த்தார், கைக்குட்டையால் துடைத்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பசிக்குது" என்றார்.

கரையோர மர வாங்கில் உட்கார்ந்தோம். அவித்த கடலை கொண்டுவந்திருந்தார், வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு. பேனாக் கத்தியை விரித்து, தேசிக்காயை எடுத்து, கடலைப் பெட்டிக்கு மேல் பிடித்து இரண்டாக வெட்டினார்.

வெட்டிய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். வெளிர்ப் பச்சை, ஒழுங்கான சக்கரம் போல. ஒரு விதைகூட இல்லை.

எங்கள் தேசிக்காயில் விதை இருக்கும். கடித்தால் கசக்கும், சின்ன வயதிலிருந்து விதையை எடுத்துவிட்டுத்தான் பிழிவோம். இங்கே சுப்பர்மார்க்கெட்டில் விற்பது பெரிய இனம், விதையற்றது. இது எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் சமையலறைக்குள் போன யாருக்கும் தெரியும். தோலையும் பசையையும் உப்பையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை.

"பாருங்கோ விஞ்ஞானியம்மா" என்றார். "மலைக்குள்ளை போன தேசிக்காய் விதையை உள்ளுக்கையே விட்டிட்டு வந்திட்டுது."

நான் கடலைப் பெட்டியின் மூடியை எடுத்துத் துடைத்தேன்.

"வளர்ந்தும் இருக்கு. நான் போடேக்கை இத்தினி. தண்ணிக்குள்ளை நல்ல சாப்பாடுபோல."

"போதும்" என்றேன்.

அவர் நிறுத்தினார். பாதியைக் கடலைக்கு மேல் பிழிந்தார். கரண்டியால் கலந்தார். பெட்டியை என் பக்கம் நீட்டினார். சாப்பிட்டோம். கண்ணில் மிளகாய் பட்டதாகச் சொன்னேன். அவர் தண்ணீர்ப் போத்தலைத் தந்தார். நான் மிளகாயைத் தொடவே இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

மற்றப் பாதியைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தார். கனடாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பீல் நிலையத்தில் பிரியும்போது, "சரி அப்ப, போறன்" என்றார். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்லிப் பிரிவதில்லை.

அவர் நாளை மறுநாள் காலை விமானம் ஏறுகிறார். நாளை அவர் வீட்டை ஒப்படைக்கும் நாள், நேரம் இருக்காது. ஆகவே இன்றோடு முடிந்தது என்று எடுத்துக்கொள்வதே சரி. ஒரு முனையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கம்தான். நாளை என்ன நடக்கும் என்று நான் ஊகிப்பதில்லை. நடந்தால் எழுதுகிறேன்.

ஜூன் 30, திங்கள்

நடந்தது இது.

வேலைக்குப் போனேன். ஒரு மாதிரியை இரண்டு தடவை சோதித்து, இரண்டிலும் வேறு வேறு முடிவு எடுத்தேன். மாலையில் உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போது கதவு மணி அடித்தது. தவநேசன் நின்றார். ஒரு கையில் மலைச் சப்பாத்துச் சோடி, தலையில் கட்டும் விளக்கு. மறுகையில் சின்னக் காகிதப் பை.

"உள்ளை வாங்கோ."

"நேரமில்லை. வீட்டுக்காரன் வாறான். அடுப்புக்குள்ளை ஒரு கறை கிடந்தாலும் திறப்பை வாங்கமாட்டான்." பையை நீட்டினார். "இந்தாங்கோ."

உள்ளே ஒரு தேசிக்காய். சிறியது, பாதி மஞ்சள்.

"புஷ்பம் அக்கான்ர கடையிலை வாங்கினனான். ஒண்டு மட்டும். ஒண்டு ஆருக்கு எண்டு கேட்டவ."

"என்ன சொன்னீங்கள்?"

"சுகிர்தாவுக்கு எண்டன்."

அவர் என் பேரைச் சொன்னது இதுதான் முதல்முறை.

"கடையிலை ஆர் ஆர் நிண்டவை?" என்று கேட்டேன். கேட்கவேண்டிய கேள்வி அது இல்லை.

"நல்ல சனம்." பிறகு சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கள்ளத் தேசிக்காய்க்கு ரிக்கெற்றைக் கிழிக்கேலாது. துவாரகாவுக்குத் தாயும் இல்லை, நான் போய் நிக்கத்தான் வேணும். ஆனால் போற ரிக்கெற்றை, போய்வாற ரிக்கெற்றா மாத்திப்போட்டன். பிள்ளைக்கு முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிச்சுப்போட்டு வருவன். வந்து எங்கை நிக்கிறதெண்டுதான் தெரியேல்லை. வீடும் இல்லை, வேலையும் இல்லை. உந்தச் சப்பாத்தை மட்டும் குப்பையிலை போட மனம் வரேல்லை."

"கீழை நிலவறை இருக்கு. சப்பாத்தை அங்கை வைக்கலாம்."

"ஓம்."

"மேலையும் இடம் இருக்கு" என்றேன்.

இரண்டாவதை மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்குக் கேட்டது. சப்பாத்தையும் விளக்கையும் என் கையில் தந்தார். யூரா மலைச் சேறு காய்ந்து என் நிலவிரிப்பில் கொட்டியது.

"போட்டு வாறன்" என்றார்.

படியால் இறங்கிப் போனார். லிப்ற் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

சப்பாத்தைக் கழுவவில்லை, அப்படியே கீழே வைத்தேன். பிள்ளை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் முப்பத்தொன்று. இலை உதிரத் தொடங்கிவிடும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஊற்றுப் பக்கம் போவதற்குக் காரணம் எதுவும் இல்லை. போவேன் என்று நினைக்கிறேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது. புஷ்பம் அக்கா. எடுத்தேன்.

தேசிக்காய் மேசையில் இருக்கிறது. வெட்டிப் பார்க்கவில்லை.